எருக்கு முத்திரை

2071ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை. காலை முதலே கீழ்வானில் கருமேகம், காற்று அறவே இல்லை, புழுக்கம் மிகுதி. கனமழை பெய்யும் என்று மூன்று நாட்களாக அறிவிப்புச் செய்துகொண்டிருந்தார்கள். கங்கைகொண்டான் ஊருக்கு மேலே வந்து நின்ற மேகமோ, பெரிய பதவியில் இருப்பவர்களைப் போல, தருவதாகப் பாவனை காட்டிவிட்டுத் தராமலே நின்றது.

அன்று காலை பத்து மணிக்கு, அவ்வூரிலிருந்த அகநிழல் நரம்புத்துணை நிறுவனத்தின் இரண்டாம் மாடிக் கூடத்தில், நாற்பது பேர் அமர்ந்திருக்க மிக்கேலம்மாள் ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள்.

அந்நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. வியாழக்கிழமைதோறும் முத்திரைப் பட்டியல் சுவரில் ஒளியாக விழும். பட்டியலின் உச்சியில் எவருடைய முத்திரை இருக்கிறதோ, அவர் கூட்டம் முடியும்வரை நிற்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், உட்காரக் கூடாது. இவ்வழக்கத்தை ஏற்படுத்தியவர் தலைமைப் பொறியாளர் திருமலைக்கொழுந்து. ஏற்படுத்திய நாள்முதல் அவர் ஒருமுறையேனும் நின்றதில்லை. விதிகளை வகுப்போர்க்கு முழங்கால் வலி வருவதில்லை என்பது மருத்துவ நூல்களில் இன்னும் ஏறாத ஓர் உண்மை.

சுவரில் முதல் வரி இவ்வாறு இருந்தது: கருவி எண் 417. முத்திரை, எருக்கு. திரும்பாத துண்டுகள், 3,702.

எருக்கு என்பது மிக்கேலம்மாளின் முத்திரை. நான்கே எழுத்துகளில் ஒரு சொல்லைத் தேர்ந்துகொள்க என்று வேலையில் சேர்ந்த அன்று சொன்னார்கள். திருமலைக்கொழுந்தின் முத்திரை அதிபன். அவளுக்கு அடுத்த இருக்கைக்காரனின் முத்திரை சூறாவளி. ஒரு மேசை விசிறிக்கு உரிய காற்றுக்கூட அவனிடமிருந்து இதுவரை வந்ததில்லை. எவரும் வளர்க்காமல் எங்கும் வளர்வது என்பதால் அவள் எருக்கைத் தேர்ந்துகொண்டாள். இருபத்திரண்டு ஆண்டுகள் தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையின் நரம்பு வார்டில் செவிலியாக இருந்துவிட்டு, நாற்பத்து மூன்றாம் வயதில் நூல்களை வாங்கி வைத்துக்கொண்டு, பாடம் பாடமாகப் படித்து, தேர்வெழுதி, நிரலாளர் உரிமம் பெற்றவள். தான் கற்றதை எவரும் தனக்குப் பிச்சையாக இடவில்லை என்பதில் அவளுக்குப் பெருமை உண்டு. அதனை அவள் மறைப்பதும் இல்லை.

“எக்கா,” என்று கிசுகிசுத்தான் சூறாவளி. “உங்க நாற்காலிய வீட்டுக்குக் கொண்டு போயிருங்க. இங்க கிடந்து வீணாப் போவுது.”

“உனக்குத்தான் தேவைப்படும்லா தம்பி,” என்றாள் அவள், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். “சூறாவளி அடிக்கும்போது பிடிச்சுக்கிட ஏதாவது வேணும்.”

முன்வரிசையில் அன்று ஒரு விருந்தாளி இருந்தார். உரிம வாரியத்திலிருந்து வந்த விசாரணை அலுவலர், ராபியா என்று பெயர். மடியில் ஒரு நோட்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அரிய பழக்கம் அவருக்கு இருந்தது.

“எனக்கு இது பழக்கமில்லாத துறை சார்,” என்றார் ராபியா. “முத்திரைன்னா என்னன்னு கொஞ்சம் சொல்லுங்க. என் அறிக்கையப் படிக்கிறவங்களுக்கும் தெரியாது.”

திருமலைக்கொழுந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். பார்வை அவர்மேல் பட்டதும் விலகி, சன்னலுக்குப் போயிற்று. “நினைவு தங்காதவங்களுக்குக் காதுக்குப் பின்னாடி ஒரு கருவி வைக்கோம்லா. அதுக்குள்ள பொதுவா ஒரு குளம் இருக்கு, நினைவகக் குளம். வாசனைக்கு ஒரு இயக்கி, சத்தத்துக்கு ஒரு இயக்கி, மூஞ்சிகள அடையாளம் சொல்ல ஒரு இயக்கி. இயக்கின்னா ஒரு சின்ன நிரல், அவ்வளவுதான். வேலை வந்தா அது கருவியோட தலைமை நிரல், கெர்னல்னு பேரு, அதுகிட்டப் போயி, எனக்கு ஒரு துண்டு இடம் குடுன்னு கேக்கும். கெர்னல் குடுக்கும். வேலை முடிஞ்சா துண்டத் திருப்பிக் குடுத்திரணும்.”

“குடுக்கலன்னா?”

“அதுக்குத்தான் முத்திரை. வாங்குத துண்டு ஒவ்வொண்ணு மேலயும், அந்த இயக்கிய எழுதினவன் முத்திரை குத்தியிருக்கும். திரும்பாமக் கிடக்குத துண்டு யாரோடதுன்னு இந்தச் சுவரு சொல்லிரும். முத்திரை யாருதோ, பிழையும் அவங்களுது. இங்க அதுதான் சட்டம்.”

“குளம் நிறைஞ்சிட்டா?”

“நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு துண்டுதான் கொள்ளும். நிறைஞ்சா கருவி அணைஞ்சு மறுபடி எந்திரிக்கும். எந்திரிக்கும்போது, அந்த மனுஷன் அன்னைக்குக் காலையில முழிச்சதுலருந்து நடந்தது ஒண்ணும் அவன்கிட்ட இருக்காது. தூக்கத்துலதான் நினைவு நிலையாப் பதியும்.” அவர் சற்று நிறுத்தினார். “இந்த 417க்கு ஒரே மாசத்துல மூணு தடவ ஆயிருக்கு. அவன் என்ன பொறுப்புல இருக்கானோ, எத்தன பேரு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தானோ, யாரு கண்டா. இந்தா நிக்குதே எருக்கு, இது எழுதின மூக்கு இயக்கியால ஒரு மனுஷன் முழுப் பகலத் தொலைச்சிட்டு நிக்கான்.”

குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. பிறருக்காக நடுங்கும் குரல் அவருக்கு இல்லை என்பதை ஆறு ஆண்டுகளாக அறிந்திருந்த மிக்கேலம்மாள், அந்நடுக்கத்தை மனத்தில் குறித்துக்கொண்டாள்.

“சாயந்தரம் அஞ்சு மணிக்கு விசாரணை,” என்றார் ராபியா, அவளை நேராகப் பார்த்து. “பிழை உங்களுதுன்னு முடிவானா உரிமம் போயிரும்மா. திரும்ப வாங்க முடியாது. உங்க பக்கத்தத் தயார் பண்ணிக்கோங்க.”

செவிலியர் பதிவையும் அவள் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே துறந்திருந்தாள். உரிமம் போனால் அவள் கையில் எஞ்சுவது படித்து முடித்த பதினான்கு நூல்கள் மட்டுமே.

கூட்டம் நீண்டது. நிற்பவருக்கு எழுதப் பலகையும் இல்லை, குனியத் தாளும் இல்லை. எதிரே இருக்கும் இரண்டை மட்டுமே பார்க்க இயலும். ஒன்று சுவர். மற்றொன்று திருமலைக்கொழுந்தின் முகம். நோயாளியின் கண் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று இருபத்திரண்டு ஆண்டுகள் குறிப்பெழுதிய பழக்கம் அவளுடையது. ஆகவே அவள் பார்த்தாள்.

காப்பி கொண்டுவந்த பெண்ணின் மேல் அவர் பார்வை பட்டு விலகிற்று. சுவரில் அதற்குள் 3,703 ஆகியிருந்த எண் 3,704 ஆயிற்று. கதவோரம் இருந்த மூவரை வரிசையாக நோக்கி முகம் சுளித்தார். 3,707. பிறகு தாள் ஒன்றை எடுத்து நான்கு நிமிடம் படித்தார், எண் அசையவில்லை. துணைத் தலைவர் வந்து அமர்ந்தபோது அவரை முழுமையாகப் பார்த்துச் சிரித்தார், அப்போதும் அசையவில்லை. பிறகு மிக்கேலம்மாளைப் பார்த்தார், உடனே திரும்பினார். 3,708.

அவளுக்கு முழங்கால் வலி மறந்துபோயிற்று. கூட்டம் முடிந்த பதினொன்று நாற்பதுக்குள் எண் எழுபத்தொன்பது கூடியிருந்தது. எழுபத்தொன்பதையும் அவள் எண்ணியிருந்தாள்.

இருக்கைக்குத் திரும்பியதும், பாடநூல் சொல்லும் முறைப்படி, திரும்பாத துண்டுகளின் அளவைப் பார்த்தாள். அவளுடைய மூக்கு இயக்கி கேட்பது எப்போதும் நாற்பத்தெட்டு அலகுத் துண்டு. 417ல் கிடந்தவை ஒவ்வொன்றும் நூற்று அறுபது அலகு. மூக்குக்கு அத்தனை பெரிய துண்டு எதற்கு? முகத்துக்குத்தான் அது வேண்டும். வேறோர் இயக்கி, அவள் முத்திரையைக் குத்திக்கொண்டு, அவள் பெயரில் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தது. முக இயக்கியை எழுதியவர் அதிபன் என்பதை அந்நிறுவனத்தில் அறியாதவர் இல்லை. சென்ற மாதம் அதை வெளியிட்டபோது விழா எடுத்து அறிவித்தார்கள். அதன் மூல நிரலோ அவர் அறையிலேயே பூட்டியிருந்தது.

பிற்பகல் மூன்றரைக்கு அவள் அவர் அறைக் கதவைத் தட்டினாள். கைப்பேசியை வெளியே தட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்பது அறையின் விதி. வைத்தாள். முத்திரை உரிமையாளர்க்கு விதி விலக்களித்த கைப்பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே சென்றாள்.

“அஞ்சு மணிக்குத்தானே விசாரணை. அழுறதுன்னா அங்க வந்து அழு,” என்றார் அவர், திரையைப் பார்த்தபடி.

“417 நீங்கதானே சார்.”

விரல்கள் விசைப்பலகையின் மேல் நின்றன. “என்ன உளறுத?”

“ரெண்டரை வருஷமா முடிய வலது காதுக்குப் பின்னால இறக்கி வளத்திருக்கீங்க. மழையில நனைஞ்சு வந்து தலையத் துவட்டும்போது அந்தப் பக்கம் மட்டும் ஒத்தி எடுப்பீங்க. நான் இந்த மாதிரி முந்நூறு தலைக்கு மருந்து போட்டவ.” அவள் கைப்பலகையை மேசைமேல் வைத்தாள். அதில் 417ன் கணக்கு 4,051 என்று இருந்தது. “பகல்ல கேன்டீன் போயிருக்கீங்க போல. நல்லாக் கூடியிருக்கு.”

அவர் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். மறுப்பார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் மறுக்கவில்லை, நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார். ஒரு பகற்பொழுதை இழந்து விழித்தெழுந்தவரின் அச்சம், மூன்றுமுறை அனுபவித்த அச்சம், அந்த முகத்தில் இருந்தது. அவளுக்கு அது புதிதன்று. வார்டில் அம்முகத்தைப் பார்த்தபோதெல்லாம் இரங்கியிருக்கிறாள். இப்போது இரக்கம் வரும் என்று சற்றுக் காத்திருந்து பார்த்தாள், வரவில்லை.

“யாருக்கும் தெரியக் கூடாது,” என்றார். “கருவி வச்சவன் தலைமையில இருக்க முடியாது. இந்த நாற்காலி போயிரும்.”

“நான் சொல்லமாட்டேன் சார். வாக்கு. உங்க முக இயக்கியத் திறங்க.”

“என் இயக்கியில என்ன இருக்கு? முத்திரை உன்னுது.”

“திறங்க, சொல்லுதேன்.”

திறந்தார். நூற்றுப்பன்னிரண்டாம் வரியில், முகங்களை அடையாளம் காணும் பேரறிவு நிரலின் நட்டநடுவே, ஒரு குறிப்பு இருந்தது: ‘கருவாட்டு மணம் எனில் இவ்வழி செல்க.’

இருவரும் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மனுஷ மூஞ்சிக்குக் கருவாட்டு வாசனை எதுக்கு சார்?” என்று அவள் பணிவாகக் கேட்டாள். “அது நான் எங்க தூத்துக்குடி ஆட்களுக்காக எழுதின வரி. கருவாட்டுக்கும் அழுகின மீனுக்கும் வித்தியாசம் தெரியணும்லா. எல்லாரும் எழுதினத வைக்குத பொதுச் சேமிப்புலருந்து என் மூக்கு இயக்கிய அப்படியே எடுத்து, உள்ள மட்டும் மாத்தியிருக்கீங்க. மேல போயிப் பாருங்க. முத்திரை வரியும் என்னுதுதான்.”

“நான் ஒரு வாரத்துல எழுதினேன்,” என்றார் அவர். “அப்ப எனக்கு ஒரு மூஞ்சியும் நிக்கல. வீட்டுக்காரிய நிலைக்கண்ணாடியில பாத்து யாருன்னு கேட்டிருக்கேன். எதப் பாத்து எழுதினேன்னு ஞாபகம் இல்ல.”

அது உண்மையாக இருக்கலாம். நினைவு தங்காத நாட்களோடு அந்த நாளும் போயிருக்கலாம். அல்லது, மறப்பது வசதி என்பதால், எந்த நோயின் துணையும் இன்றித் தாமே மறந்திருக்கலாம். பெரிய மனிதர்களுக்கு அத்தகைய மறதி இயல்பாகவே உண்டு.

“சரி, மத்த நானூறு பேருக்கும் இதே இயக்கிதானே இருக்கு,” என்றார் சற்றுத் தெளிந்து. “அங்க எல்லாம் கசியலையே. எனக்கு மட்டும் எப்படி?”

“பேர் கிடைச்சா துண்டத் திருப்பிக் குடுக்க எழுதியிருக்கீங்க. தெரியாத ஆளா இருந்தாலும் குடுக்க எழுதியிருக்கீங்க. பேர் வந்து சேருததுக்குள்ள, பாக்குதவரு முகத்தத் திருப்பிட்டாருன்னா? அந்த வழிய எழுதல. துண்டு அப்படியே கிடக்கும்.”

“பேர் வர முக்கால் நொடிதானே ஆவும். அதுக்குள்ள யாரு திருப்புவா?”

அந்நேரம் கதவு தட்டப்பட்டது. அவர் தாழ் நீக்க, செயலாளர் மாரிச்செல்வி கோப்பொன்றை நீட்டினாள். அவர் அவள் முகத்தில் பார்வை பட்டதும் விலக்கி, கோப்பைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். கைப்பலகையில் 4,052 என்று மாறிற்று.

அவர் அந்த எண்ணைப் பார்த்தார்.

“நம்ம கருவி வச்சவங்க எல்லாம் எதுக்கால வாரது யாருன்னு தெரிஞ்சிராதான்னு தவிச்சுக்கிட்டுப் பாக்குதவங்க சார்,” என்றாள் அவள். “கண்ணு நிறையப் பாப்பாங்க. முக்கால் நொடிகூட ஒருத்தர் மூஞ்சியப் பொறுக்க மாட்டாதவங்க நானூத்திச் சொச்சத்துல நீங்க ஒருத்தர்தான். காலையில நின்னுக்கிட்டே எண்ணினேன். காப்பி கொண்டாந்த பிள்ளைக்கு ஒண்ணு. ராபியா மேடத்துக்கு நாலு. எனக்குப் பதினொண்ணு.”

“அது என் சுபாவம்,” என்றார்.

“இப்ப அது நாலாயிரம் துண்டு சார்.”

அவர் கணக்கிட்டார், கணக்கில் வல்லவர். விசாரணைக் கூடத்துக்குப் போகும் வழியில் மட்டும் ஐம்பது பேர். கூடத்தில் பலர். ஐந்து மணிக்கு முன்னரே குளம் நிரம்பிவிடும். நிரம்பினால் இந்த அறையில் நடந்தது, கருவாட்டு வரி, எல்லாம் அவரிடமிருந்து போய்விடும். வாரியத்தின் முன்னே யார் என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

“துடைச்சு விடு,” என்றார். “எருக்கு முத்திரைத் துண்டெல்லாம் ஒரே அடியாத் துடைக்க உன்னாலதான் முடியும்.”

“முடியும். ஆனா துடைக்கணும்னா நான் கைநாட்டு வைக்கணும். ‘இம்முத்திரையின் கீழ் உள்ளவை யாவும் என்னுடையவை’ன்னு அதுல இருக்கு. நீங்க எழுதின வாசகம்தான். அது நேரா வாரியத்துக்குப் போயிரும்.”

“நான் இருக்கேன்லா. அங்க வந்து உண்மையச் சொல்லுதேன். நான் எடுத்து எழுதினது, முத்திரைய மாத்தாம விட்டேன், அம்மா மேல தப்பில்லன்னு சொல்லுதேன். கருவி யாருதுங்கத மட்டும் சொல்லமாட்டேன். துடைச்சாத்தானே எனக்கு இது ஞாபகம் இருக்கும். துடைக்கலன்னா நானே மறந்திருவேன், உனக்குச் சாட்சி யாரு?”

வாதம் பிழையற்றது. அவள் நிலையின் கொடுமை முழுவதையும் அவரே தெளிவாக எடுத்துரைத்துவிட்டார். கைநாட்டு வைத்தால் குற்றம் அவளுடையதாகிறது. வைக்காவிட்டால் அவளுக்குரிய ஒரே சாட்சி ஒரு மணி நேரத்தில் அழிகிறது. இம்மனிதரின் சொல்லை நம்புவது எத்தகையது என்பதை அவள் அறிவாள். எனினும், ஒரு தலை இருளப்போவதைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்க வார்டில் அவளைப் பழக்கியிருக்கவில்லை. நோயாளி எத்தகையவன் என்று பார்த்து ஊசி போடுவதில்லை.

நாலு இருபதுக்குப் பெருவிரலை வைத்தாள். 4,052 என்பது அணைந்து, பூச்சியம் எரிந்தது. திருமலைக்கொழுந்து நெடுமூச்சு விட்டார்.

அவள் பலகையில் மேலும் ஒன்றை அழுத்தினாள்.

“அது என்ன?”

“துடைச்ச பிறகு காவல் வைக்கணும் சார். இனி இந்த முத்திரையில யாரு துண்டு கேட்டாலும், கேட்ட இயக்கியோட பேரும், நிறுவனப் பதிவேட்டுப்படி அத எழுதினவர் முத்திரையும் பட்டியல்ல விழும். கணக்குப் பூச்சியமா இருந்தாத்தான் இத வைக்க முடியும். எட்டாம் பாடத்துல இருக்கு.”

“என்னமும் செய்யி. போ,” என்றார். அவர் பாடங்கள் படித்து நெடுங்காலம் ஆகியிருந்தது. அஞ்சியதெல்லாம் நீங்கியபின் பிறர் சொல்வதைக் கேட்கும் வழக்கமும் அவருக்கு இல்லை.

ஐந்து மணிக்கு அவர் கூடத்துக்கு வந்தபோது தரையை நோக்கியே நடந்து வந்தார். அவ்வளவு பாடம் அவருக்கு ஏறியிருந்தது. மேசைக்கு அப்பால் ராபியா. இரு பக்கமும் வாரிய உறுப்பினர் இருவர். பின்வரிசைகளில் பணியாளர்கள். சுவரில் பட்டியல். மிக்கேலம்மாள் காலையில் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“உட்காருங்கம்மா,” என்றார் ராபியா.

“இருக்கட்டும் மேடம். இந்த எடம் பழகிட்டு.”

ராபியா தாளை எடுத்தார். “நாலு இருபதுக்கு எல்லாம் என்னுதுன்னு கைநாட்டு வச்சு அனுப்பியிருக்கீங்க. அப்ப விசாரிக்கவே ஒண்ணும் இல்லையே.” பிறகு திருமலைக்கொழுந்தின் பக்கம் திரும்பினார். “நீங்க ஏதாவது சொல்லணுமா சார்?”

அவருக்கு எல்லாம் நினைவில் இருந்தது. நூற்றுப்பன்னிரண்டாம் வரி, மூடிய கதவு, தாம் கொடுத்த வாக்கு, அனைத்தும் குறைவின்றி இருந்தன. அந்த நினைவைக் காத்துக் கொடுத்தவள் ஆறடி தூரத்தில் நின்றாள். திருமலைக்கொழுந்து தம் முன்னிருந்த தாளின் விளிம்பை நேராக்கினார்.

“சொல்ல என்ன இருக்கு,” என்றார். “வயசான பிறகு புஸ்தகத்தப் படிச்சுட்டு இந்த வேலைக்கு வந்தா இப்படித்தான் முடியும். கெட்ட எண்ணம் கிடையாது. பாவம், பாத்துச் செய்யுங்க.”

பாவம் என்ற சொல்லுக்கு உரிய மெய்ப்பாட்டைக் காட்ட வேண்டியிருந்தது. அதற்காக அவர் அவளைப் பார்த்தார். பார்த்த அளவிலேயே திரும்பினார்.

சுவரில் ஒரு வரி விழுந்தது. கருவி எண் 417. முத்திரை, எருக்கு. திரும்பாத துண்டு, 1. கேட்டது, முக இயக்கி. எழுதியவர், அதிபன்.

வாரிய உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இது என்ன, இப்பத்தான் வந்துச்சா?”

“எழுதினவர் அதிபன்னு இருக்கே,” என்றார் ராபியா. “அது உங்க முத்திரை இல்லையா சார்?”

“பட்டியல்ல ஏதோ கோளாறு,” என்றார் திருமலைக்கொழுந்து, ராபியாவைப் பார்த்து, உடனே சன்னலைப் பார்த்து. சுவரில் துண்டின் எண் மாறிற்று:

2.

ராபியா சுவரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மீண்டும் சுவரைப் பார்த்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர்க்குத் தெரியவேண்டியது விரைவிலேயே தெரிந்துவிடுகிறது.

“இந்த 417 யாரோட கருவிம்மா?”

“சொல்லமாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன் மேடம்,” என்றாள் மிக்கேலம்மாள். “எங்க ரெண்டு பேருல ஒருத்தராவது குடுத்த வாக்கக் காப்பாத்தணும்லா. நீங்க சுவத்தப் பாத்துக்கிட்டே விசாரிங்க.”

“சார், என்னைப் பாத்துப் பேசுங்க,” என்றார் ராபியா.

அவர் பார்த்தார், பழக்கம் வென்றது. 3. கண்ணாடிக்காரர் மேல் விழி பட்டது. 4. கதவருகே கைகட்டி நின்ற மாரிச்செல்வி. 5. எங்கே பார்த்தாலும் முகம் இருந்தது. அறுபது ஆண்டு வாழ்வில் அந்தக் கூடத்தில் இத்தனை பேருக்கு முகம் உண்டு என்பதை அவர் அன்றுதான் கண்டிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார்; மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்க இயலும்?

ராபியா அவளுடைய கைநாட்டுத் தாளின் குறுக்கே ஒரு கோடிட்டார். புதிய தாள் ஒன்றை எடுத்து, முத்திரை உரிமையாளர் என்னும் இடத்தை விட்டுவிட்டு, நிரலை எழுதியவர் என்னும் இடத்தில் எழுதத் தொடங்கினார்.

“உங்க உரிமம் உங்ககிட்டயே இருக்கட்டும்மா,” என்றார், எழுதிக்கொண்டே.

திருமலைக்கொழுந்து கண் திறந்தார். எண் கூடாதிருக்க ஒரே வழி யாராவது ஒருவர்மேல் பார்வையை நிறுத்துவது. நேர் எதிரே நின்றவள் அவள். அவர் அவளைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைக்க, திரும்பாமல், முக்கால் நொடி பார்த்தார். இத்தனை நாளும் பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த பெயர் முதன்முறையாக அவரை வந்தடைந்தது. சுவரில் எண் ஐந்திலேயே நின்றது.

“மிக்கேலம்மாள்,” என்றார். மெல்லத்தான் சொன்னார். பின்னால் ஏதோ சொல்ல இருந்ததுபோல் வாய் திறந்தே இருந்தது.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பார்வை அவர்மேல் பட்டது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைப்பலகையை எடுத்துக்கொண்டு, வெளியே நடந்தாள். அவள் காதுக்குப் பின்னே கருவி ஏதும் இல்லாமையால், சுவர் அதை எண்ணவில்லை.

அப்போது மாலை மணி ஐந்து பதினேழு.